கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் திரைக்குப் படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, மெமரி, எந்த கேமில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்று எல்லாம் விவரமாக இருந்தது. மானிட்டரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருபவன் நான். என்னிடம் வரும் பிள்ளைகள் பணத்தை விடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் என்விடியா நிறுவனத்தின் புது ஜிஃபோர்ஸ் கார்டு பழுது என்று கொண்டுவந்தார். கார் பந்தய கேமைப் போட்டுப் பார்த்தோம். வளைவில் திரும்பும்போது சாலையோர விளக்குக் கம்பம் நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கிறது. கார்டில் ஒரு குறையும் இல்லை. கார்டு படம் அனுப்பும் வேகமும் மானிட்டர் படம் மாற்றும் வேகமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யத்தான் அடாப்டிவ் சிங்க்; கார்டு படம் அனுப்பும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அது. அவருடையதும் ஏஎம்டி நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் என்ற அடாப்டிவ் சிங்க் வசதி உள்ள மானிட்டர்தான். ஆனால் பின்னால் திருப்பினால் கேபிள் செருக ஒரு எச்டிஎம்ஐ போர்ட், ஒரு விஜிஏ போர்ட். சிங்குக்கு அவருடைய கார்டு கேட்கும் டிஸ்ப்ளேபோர்ட் இல்லை.

2013-ல் என்விடியா இதே வேலைக்கு ஜி-சிங்க் என்ற தன் சொந்த வசதியைக் கொண்டுவந்தபோது மானிட்டருக்குள்ளேயே அதற்கென்று தனி போர்டு வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 2014-ல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ் சிங்கைச் சேர்த்தது. ஏஎம்டி அதை வைத்து ஃப்ரீசிங்க் தந்தது, பிறகு எச்டிஎம்ஐ வழியாகவும் தந்தது. 2019 ஜனவரியில்தான் என்விடியா இந்த மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. அதுவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுகள் முதல், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும். எச்டிஎம்ஐ 2.1 உள்ள புது மானிட்டர்களின் கதை வேறு. அந்த மாணவரிடம் இருப்பது போன்ற பழைய ரகத்துக்கு ஏஎம்டியின் ரேடியான் கார்டுதான் பொருந்தும். வாங்கிய கடையில் மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது.

அப்புறம் இன்னொன்று. மானிட்டர் பெட்டியில் 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை படம் மாறும்) என்று பெரிதாகப் போட்டிருக்கும். சிங்க் எதிலிருந்து எதுவரை வேலை செய்யும் என்று தேடினாலும் கிடைக்காது. இந்த ரகத்தில் பல மானிட்டர்களுக்கு அது 48 முதல் 75 வரை. கேம் 40 ஃபிரேமுக்கு இறங்கினால் சிங்க் விட்டுப்போகும். 48 முதல் 144 வரை உள்ள மானிட்டர் என்றால், அதே 40-ல் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடலாம். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அந்த 80-க்கு இடமே இல்லை. ஆகவே 75 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவர்கள், தங்கள் கேம் 50-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கார்டை வாங்கினால் போதும். 200 ஃபிரேம் தரும் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். மிச்சமாகும் பணத்தை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள நல்ல மானிட்டருக்குப் போடலாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் விலைப்பட்டியலில் மானிட்டரின் சிங்க் அளவையும் போர்ட் விவரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். உங்கள் நாளிதழும் அடுத்த முறை கார்டுகளை ஒப்பிடும்போது, எந்த மானிட்டரில், எந்த கேபிளில் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திண்டுக்கல்