அவனுக்கு முட்டையை நிப்பாட்டாதை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு போனில நீ அழுதுகொண்டே கதைச்சதில எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்ல, அதுதான் எழுதுறன். பேரன்ர கண்ணுக்குள்ள கொலஸ்ட்ரோல் துகள் இருக்கெண்டு கேட்டவுடன அவனுக்கு முட்டை, நெய், தேங்காய்ப்பால் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டாய். ஏன் பிள்ளை? வளர்ற பெடியன், ஆறு வயசு.

இண்டைக்குக் காலமை கிளிநொச்சியில என்ர கண் கிளினிக், நீ அனுப்பின றிப்போட்டை அங்க இருந்த டொக்டர் பிள்ளைக்குக் காட்டினன். ஆக்கள் நிறைஞ்சு நிண்டும் அந்தப் பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினது. அவனுக்கு வந்திருக்கிற இந்தக் கோட்ஸ் எண்ட கண் நோயில விழித்திரையில இருக்கிற சின்னச்சின்ன இரத்தக்குழாயள் அங்கங்க வீங்கி, சுவர் பலமில்லாமல் கசியுதாம். கசியிறது வெறும் தண்ணியில்லை, இரத்தத்தில ஆருக்கும் இருக்கிற கொழுப்பும் சேர்ந்துதான் வருது. தண்ணியை உடம்பு திருப்பி உறிஞ்சிப்போடும், கொழுப்பு அங்கயே தங்கி நாள்போக்கில துகளாகும், எங்கட ஆனையிறவு உப்பளத்தில தண்ணி வத்த உப்பு விளையிற மாதிரி. சில பிள்ளையளுக்கு அது கண்ணின்ர முன்பக்கத்துக்கே வந்து மினுமினுக்குமாம். பிறந்தநாள் படத்தில ஒரு கண் சிவப்பாயும் மற்றது மஞ்சளாயும் தெரிஞ்சது இந்தக் கொழுப்பாலதான். அவன் சாப்பிட்ட முட்டையால இல்லை. கசியிற குழாயை லேசராலயோ குளிர் வைச்சோ அடைக்கிறதுதான் வைத்தியம், பத்தியம் இல்லை.

கண் புற்றுநோய் இல்லையெண்டு உங்கட டொக்டர்மார் முதல்லயே பாத்து உறுதிப்படுத்தினது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமே, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்து ஏமாத்துமாம்.

கிரகணத்துக்க நீ வெளியில வந்தனி எண்டு ஆரும் கதைச்சா காதில போடாதை. 1908இல ஜோர்ஜ் கோட்ஸ் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் எழுதிவைச்ச நோய் இது, கூடுதலா ஆம்பிளைப் பிள்ளையளுக்கு, அதுவும் ஒரு கண்ணிலதான் வரும், வழமையா பரம்பரையாயும் வாறதில்லை. நீ வயித்தில வைச்சிருக்கேக்க என்ன செய்தாய், என்ன தின்டாய் எண்டு தோண்டிக்கொண்டிருக்காதை அம்மா.

இனி எனக்குப் பயமெல்லாம் அந்த நல்ல கண்ணை நினைச்சுத்தான். பந்தடிக்கப் போகேக்க உடையாத கண்ணாடி போடவேணுமாம், அடுத்த கிளினிக்கில அதைக் கேள். லேசர் அடிச்சு சுகமாயிட்டுது எண்டும் விட்டிடாதை, வருசங்கள் கழிச்சும் திரும்பக் கசியலாமாம், அதால கூப்பிடுற திகதிக்கெல்லாம் கட்டாயம் கொண்டுபோ, வேலையில லீவு தராட்டி மருமகனை அனுப்பு. நாளைக்குக் காலமை அவனுக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுத்துப்போட்டு எனக்கு வொய்ஸ் ஒண்டு போடு.

அம்மா