கருவுக்கு முந்தைய சாப்பாட்டை ஆராய யார் பணம் தருவது?

ஆசிரியருக்கு,

வணக்கம். எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினால் 'உங்கள் மரபணுவுக்கேற்ற டயட்' எழுதித் தரும் நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்திருந்தது. விலைப்பட்டியல் இருந்தது, அதன் பின்னால் உள்ள அறிவியல் எந்த நிலையில் இருக்கிறது என்பது இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மற்றதற்கு மாவுச்சத்து குறைந்த உணவும் என ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. அவர்கள் சோதித்த மரபணு வகைக்கும் எடை குறைந்த அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. கிட்டுகள் மட்டும் விற்றுக்கொண்டேதான் இருக்கின்றன.

உண்மையில் கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறான கேள்வி. நாம் சாப்பிடுவது, அதைவிட நம் அம்மா கருவுற்ற சமயத்தில் சாப்பிட்டது, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றுகிறதா? டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தக் குறியை இட உடலுக்கு ஃபோலேட் (மாத்திரையில் இது ஃபோலிக் அமிலம்), பி12, கோலின் போன்ற சத்துகள் தேவை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவு வரத்தை அடைத்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவானவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவில் இந்தக் குறி அவர்களின் உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது.

பஞ்சத்தைச் சோதனைக்காக யாரும் உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் கூடாது. அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் கெனேபா போன்ற கிராமங்கள் முக்கியமாகின்றன. அங்கே பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் குறித்து வருகிறது. மழைக்காலத்தில் தானியம் தீர்ந்துவிடும், வயல் வேலையோ முதுகை ஒடிக்கும். ஆனால் ஃபோலேட் போன்ற சில சத்துகள் தாய்மாரின் ரத்தத்தில் அப்போதுதான் கூடுதல். மழைக்காலத்தில் கருவான குழந்தைகளுக்கும் வறண்ட காலத்தில் கருவானவர்களுக்கும் டிஎன்ஏவின் சில இடங்களில் மெத்தில் குறிகள் வேறுபட்டதை 2014-ல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டிலும் இப்படியொரு ஆய்வு நடந்திருக்கிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கீரை, பழம், பால் கலந்த சிற்றுண்டியைத் தினமும் கொடுத்தார்கள். எல்லாக் குழந்தைகளின் எடையும் கூடிவிடவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மற்றப் பிரிவில் 12.4 சதவீதம் பேருக்கு வந்தது, இந்தப் பிரிவில் 7.3 சதவீதம் பேருக்குத்தான். பிறகு மும்பைக் குழந்தைகளையும் காம்பியக் குழந்தைகளையும் சேர்த்து டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். பிரிட்டனும் நம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பணம் போட்டன. ஐதராபாத்தின் சிசிஎம்பி என்ற அரசு உயிரியல் ஆய்வு மையம் பங்கேற்றது. தெரிந்த மாற்றங்கள் சிறியவை, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஒரே ஊரில் கிடைத்த முடிவு தற்செயலாக இருக்கலாம். கம்பும் நிலக்கடலையும் சாப்பிடும் ஊரிலும் ரொட்டியும் பருப்பும் சாப்பிடும் ஊரிலும் ஒரே குறி மாறினால்தான் நம்ப முடியும். இந்த ஆய்வை ஒரு நாடு தனியாகச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது அந்தப் பணம்தான் வற்றுகிறது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 2021-ல் 0.5 ஆக்கியது, 2027-ல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 மே மாதத்தில், அமெரிக்க ஆய்வகம் பெறும் மானியத்தில் ஒரு பங்கு வெளிநாட்டு ஆய்வகங்களுக்குத் துணை மானியமாகப் போகும் பழைய முறையை நிறுத்தின. நடுவில் நின்ற ஆய்வை அப்புறம் தொடரலாம் என்பது இந்தத் துறையில் நடக்காது. குழந்தைகள் காத்திருக்காமல் வளர்ந்துவிடுவார்கள். புனே அருகே ஆறு கிராமங்களில் 1993-ல் தொடங்கிய ஆய்வை எண்ணிப் பாருங்கள். பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதில், சர்க்கரை நோய்க்கு வழிவிடும் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது என்ற முடிவு வெளியானது 2008-ல்தான். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிற, பி12 கொடுக்காத நாட்டுக்கு இது சின்னச் செய்தியா?

"அங்கன்வாடியில் முட்டைக்கே பணம் போதவில்லை, மெத்திலுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முட்டையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சி செய் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகுதான் கையில் கிடைக்கிறது. மெத்தில் குறிகளில் பல, பெண்ணுக்கே தான் கர்ப்பம் என்று தெரியும் முன்னரே அமைந்துவிடுகின்றன. பெட்டகத்தை எப்போது கொடுப்பது, அதில் எதை வைப்பது என்பதை இந்த ஆய்வுகள்தான் சொல்ல முடியும். 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் கணக்குச் சொன்ன ஆய்வை நடத்தியதே ஒரு சென்னை நிறுவனமும் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும்தான். நமக்கு ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சிகளுக்குப் பணம் தர மத்திய அரசு அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதன் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டியது. கீரைச் சிற்றுண்டி ஆய்வுக்கு எந்த நிறுவனம் தரும்? அதில் விற்க எதுவும் இல்லையே. ஆகவே அரசுப் பங்கிலிருந்து ஒரு தொகையை இருபது ஆண்டுக்கு ஒதுக்கி, புனே, மும்பை, மைசூர், வேலூர் போன்ற ஊர்களில், பிறந்தது முதல் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் பிறப்புக் குழு ஆய்வுகளுக்குத் தர வேண்டும். பிரிட்டன் விலகினால் காம்பியாவின் பங்கில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றாலும் தவறில்லை. அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, கிட் விற்பவர்களோடு புனேயிலும் ஐதராபாத்திலும் இதைச் செய்பவர்களையும் பேட்டி காணுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
திருச்சி.