மகளின் தட்டும் நம் வாயும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து ஆற்றுப் படித்துறை வரை நடந்து போய்வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். கடைசிப் பக்கத்தில், மறந்துபோனதைச் சேர்ப்பது போல உன் மகளைப் பற்றி நீ எழுதியிருந்த சில வரிகளுக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் பதில். எடை கூடிக்கொண்டே போகிறது, ஊருக்கு வந்தால் இராத்திரியில் அடுக்களையில் சத்தம் கேட்கிறது, கேட்டால் எரிந்து விழுகிறாள், பலகார டப்பாக்களைப் பூட்டி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பூட்டாதே. இருபத்தொன்பது வயதுப் பெண்ணிடம் நீ அலமாரிச் சாவியை மறைத்தால், அவள் உன்னிடம் சாப்பிடுவதையே மறைப்பாள். அதற்குப் பிறகு உனக்கு எதுவும் தெரியவராது.

என் மகனைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கோமதி அத்தைக்கு எழுதலாம் என்று அவனே சொன்னதால் எழுதுகிறேன். சென்னையில் இருந்தபோது பகல் முழுவதையும் டீயிலேயே ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குமேல் செல்போனில் இரண்டு மூன்று கடைகளிலிருந்து பரோட்டாவும் பிரியாணியும் வரவழைத்து, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு, அறைத் தோழர்கள் எழும்புவதற்குள் காலி டப்பாக்களைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவானாம். மறுநாள் வெட்கத்தில் மறுபடியும் பட்டினி. ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது, அலுவலக நண்பர்களுக்கென்று டவுனில் வாங்கிய ஒரு கிலோ அல்வா, அவன் ரயில் ஏறுவதற்கு முன்பே தீர்ந்திருந்தது. டப்பா கட்டிலுக்கடியில் கிடந்தது. நெய் ஊறிய காகிதத்தை நாலாக மடித்து உள்ளே வைத்திருந்தான். நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிறகொரு நாள் போனில், மனசுக்குக் கஷ்டமாக எது இருந்தாலும் என்னிடம் சொல், நான் ஏச மாட்டேன் என்றேன். அவன் வாய் திறக்கச் சில மாதங்கள் பிடித்தன.

இது நாக்கை அடக்கத் தெரியாத குணம் என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959இலேயே இத்தகைய கட்டுக்கடங்காத உண்ணுதலை விவரித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இது தனி நோயாகவே இடம்பெற்றது. அதே ஸ்டங்கார்ட் 1986இல், டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்து, அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போகிறது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். உன் மாமியாரையும் பெரிய நாத்தனாரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள். பழி முழுவதும் பிள்ளை தலையில் விழாது.

பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடு. 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிறு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். சோதனை முடிந்த பிறகு எவ்வளவு தின்றாலும் போதாமல் சிலர் தவித்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆண்களுக்கே அந்தப் பாடு என்றால், ஒருவேளை கஞ்சியும் கொள்ளு ரசமும் என்று உன் மகளுக்கு நீ போட்டிருக்கும் திட்டம் எங்கே போய் முடியும் என்று யோசி. பக்கத்துத் தெருவில் காலையில் டப்பா மாவைக் கலக்கிக் கொடுத்து எடையை எழுதிவைக்கும் கூட்டத்தில் அவளைச் சேர்த்துவிடாதே. அதைப் பற்றி எனக்கு நல்லெண்ணமே கிடையாது.

மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அவளே சம்மதித்துப் போக வேண்டும். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், சினைப்பை நீர்க்கட்டி, இரவில் குறட்டையோடு மூச்சு தடைபடுதல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளும் சில மனநல மாத்திரைகளும்கூட எடையைக் கூட்டும் என்பதால், அவள் எதை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்பார்கள். நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால் கணக்கும் வேறு: ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு மேல்நாட்டில் 82 கிலோவில் தொடங்கும் உடற்பருமன், இந்திய மருத்துவர்கள் கணக்கில் 68 கிலோவிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்காக மலைக்க வேண்டாம். இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் நன்றாக இறங்கும். வாரம் ஒருமுறை போடும் ஊசிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அவை பசியைக் குறைப்பது உண்மை, குமட்டல் வருவதும் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புவதும் உண்மை. அதை அவளும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

என் மகனை மனநல மருத்துவர் தனியாகத்தான் உள்ளே அழைத்தார். நான் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை. இங்கே ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்கினால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அவனுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது பட்டினி கிடக்கக் கூடாது என்பதைத்தான்: மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, இடையில் சிறிது ஏதாவது, நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருக்கலாகாது. இதில் எனக்குக் கிடைத்த வேலை, அவன் ஊருக்கு வரும் நாட்களில் சோற்றை நேரத்துக்கு ஆக்கி வைப்பது மட்டுமே. அவனுக்கென்று தனிச் சமையல் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் என்றால் அவனுக்கும் அதுவே. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றும் சொல்வதில்லை, போதும் என்றும் சொல்வதில்லை. முதலாவதை விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது என்றால் நீ நம்புவாய். சாப்பிடும்போது அவன் வேலையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசுவோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. இராத்திரிச் சாப்பாடு எப்போதாவது திரும்ப வருகிறது. வந்தால் மறுநாள் போனில் சொல்லிவிடுகிறான், நானும் சரி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உறவுக்காரர்கள் விஷயத்தில் மட்டும் நீ கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டியிருக்கும். மறுவீட்டுச் சொதிப் பந்தியில், இலையில் இஞ்சிப் பச்சடி வைக்கும்போதே, என் மதினி அவனைப் பார்த்து, "ஏல, இப்படி ஊதிப்போயிருந்தா எவன்ல ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்றாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. "மதினி, அவன் புது வேலைக்கு மாறியிருக்கான், அதக் கேளுங்க. உடம்பப் பத்தி எங்க வீட்டுல பேசுறதில்ல" என்று சத்தமாகவே சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது, போகட்டும்.

ஆவணியில் உன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் வருவாள் அல்லவா? யாராவது இப்படிக் கேட்டால் நீ குறுக்கே பேசவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா என்பதை முன்கூட்டியே அவளிடம் கேட்டு வைத்துக்கொள். சில பிள்ளைகளுக்கு நாம் பரிந்து பேசுவதும் கூச்சமாக இருக்கும். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள இப்போதைய அளவிலேயே நல்லதாக ஒரு பட்டு ரவிக்கை தைக்கக் கொடு. இளைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. அண்ணனிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளைக் குண்டூஸ் என்று கூப்பிடுவதை அவர் இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் பிரியமுள்ள,
வடிவு