விளையாட்டுச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஜூலை 2024 முதல் ஜூன் 2025 வரை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், ஹட்டிகள் என்னும் படகர் ஊர்களிலிருந்தும் எஸ்டேட் லைன்களிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி காந்தி மைதானத்தில் கோடைக்காலக் கால்பந்துப் போட்டி நடந்தது. மழையால் அரையிறுதி தள்ளிப்போனதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. புது வலை வாங்கியாயிற்று. கோல் கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பது இன்னும் பாக்கி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி ஆங்கில வகுப்பு. சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "பந்து வாங்கவே காசில்லை, விளையாட்டுச் சங்கத்துக்கு இங்கிலீஷ் கிளாஸ் எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உடற்கல்விக் கல்லூரிகளில் சேரப் போகும் நம் பிள்ளைகள் உடல்திறன் தேர்வில் தோற்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓடி வளர்ந்தவர்களுக்குச் சமவெளி மைதானத்துச் சுற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மாட்டிக்கொள்வது எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும்தான். 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் இருக்கும் நம் மாநில விளையாட்டுப் பல்கலைக்கழகம் என்று முன்பெல்லாம் ஆசை சென்னையோடு நின்றுவிடும். இப்போது 1957இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் உடற்கல்வி நிறுவனத்தையும், 2018இல் சட்டம் போட்டு உருவாக்கிய இம்பால் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் பிள்ளைகளே செல்போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். தமிழை வைத்துக்கொண்டு அங்கே வகுப்பில் உட்கார முடியாது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத்தை ஒரு தாளாக எடுக்கிறவர்களுக்கு அந்த வசதி உதவாது. 2025ஆம் ஆண்டு முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானால் 1 குறையும். ஆங்கிலத் தாளில் பத்தியைப் படித்து விடை சொல்வதும், கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்துவதும் முக்கியம். இலக்கண நோட்டை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது எதுவும் வராது. சமவெளியில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்த நம் பிள்ளைகள் சிலர், டென்ஸ் அட்டவணை ஒன்றை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில் அது சின்னத் தொகையா?

ஆகவே நம் வகுப்பில் இலக்கணத்தில் தொடங்கவில்லை. போட்டி அட்டவணையில் தொடங்கினோம். தோற்ற அணி வெளியேறும் நாக் அவுட்டில் 19 அணி வந்தால் மொத்தம் எத்தனை ஆட்டம், எத்தனை அணிக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று? காந்தி மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து டிரா பார்த்த பையன்களுக்கு இது தெரியும். ஆட்டம் 18. 2, 4, 8, 16, 32 என்ற இரட்டிப்பு வரிசையில் 19க்கு அடுத்து வரும் 32இலிருந்து 19ஐக் கழித்தால் 'பை' 13. உடற்கல்விப் பாடத்தில் இதே கணக்கு ஆங்கிலத்தில் நாலு வரிக் கேள்வியாக வரும்போதுதான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். முதலில் தமிழிலும் படகர் மொழியிலும் கணக்கைப் போடச் சொன்னோம். பிறகு அந்த நாலு வரியை எடுத்து, கேட்கப்படுவது எது, வெறும் தகவல் எது என்று கோடு போடச் சொன்னோம். மூன்றாவது வாரத்திலேயே பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவன், எல்லா அணியும் ஒன்றோடொன்று ஒருமுறை மோதும் லீக் முறையில் 9 அணிக்கு 36 ஆட்டம் வரும்படி ஒரு கேள்வி எழுதி, ஆசிரியரையே மடக்கப் பார்த்தான்.

ஃபார்ட்லெக் பயிற்சியும் இப்படித்தான். ஸ்வீடனில் 1930களில் கோஸ்டா ஹோல்மர் வகுத்த முறை அது. வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி, இடத்துக்குத் தக்கபடி ஓட வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹட்டி வரை தினமும் அப்படியே ஓடுகிற பெண்ணிடம், "நீ ஓடுவதைப் பத்து வாக்கியத்தில் எழுது" என்றதும் எழுதிவிட்டாள். எழுத்துப்பிழை இருந்தது. இருக்கட்டும், விஷயம் முழுதாக இருந்தது. கால்பந்து விதிப் புத்தகத்தின் 12ஆவது விதியையும் வாசிப்புப் பத்தியாகவே வைத்தோம். கவனக்குறைவான ஃபவுலுக்கு அட்டை இல்லை, எதிராளியின் பாதுகாப்பைப் பாராமல் ஆடினால் மஞ்சள், அளவுமீறிய பலத்துக்குச் சிவப்பு. இதை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, நம் அரையிறுதியில் ரெஃப்ரி கொடுத்த மஞ்சள் அட்டை சரியா என்று அரைமணி நேரம் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டார்கள். ரெஃப்ரி அங்கே இல்லாதது அவருக்கு நல்லது.

நேர்முகத்துக்குத் தயார் செய்வதுதான் கடினமாக இருந்தது. "மை நேம் இஸ்" என்று தொடங்கும் மனப்பாடப் பத்தியை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறார்கள். அதைத் தடை செய்தோம். பதிலுக்கு, கடைசியாக ஆடிய ஆட்டத்தில் கோல் எப்படி விழுந்தது என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். படகர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாவது மொழி. கூடலூர் பக்கத்திலிருந்து வந்து தங்கிப் படிக்கிற சிலருக்கு வீட்டில் மலையாளம். ஆகவே ஆங்கிலத்தில் தடுமாறுவது புத்திக் குறைவில்லை என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். தடுமாறுகிற பிள்ளையை வீட்டில் யாரும் கேலி செய்யாதீர்கள்.

வகுப்பு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாலை ஆறரைக்கு விட்டால் தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமையும் கரடியும் நிற்கின்றன. பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்கினார்கள். அதனால் பள்ளி விட்டதும் நாலேகால் மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடித்தோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள் ஆனது அதற்குப் பிறகுதான்.

க்யூட் தேர்வு மே மாதத்தில், சுற்றுலா சீசன் நெரிசலில் வந்தது. வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை நாட்கள் அவை. கோயம்புத்தூரில் மையம் கிடைத்தவர்களை முந்தின நாளே இறக்கிவிட்டு, உறுப்பினர் வீடுகளில் தங்க வைத்தோம். வெயில் தாங்காமல் ஒருத்திக்கு வாந்தி, ஆனாலும் தேர்வை எழுதிவிட்டாள். இடம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குச் சங்கத்தின் நன்றி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், விடுமுறைக்கு வந்த நம் பழைய கோல்கீப்பரும் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். வகுப்பை ஜனவரியில் தொடங்காமல் ஜூலையிலேயே தொடங்க வேண்டும். தேர்வு கணினியில் நடக்கிறது, நம் பிள்ளைகளில் பலர் மவுஸைத் தேர்வறையில்தான் முதன்முதலாகப் பிடித்தார்கள். அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இலவசமாகவே இருக்கிறது, நமக்கு வேண்டியது பழைய கம்ப்யூட்டர் இரண்டு. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் தாருங்கள். அப்புறம், பிளஸ் டூ முடித்ததும் பி.பி.எட். விண்ணப்பம் வாங்கப் போகிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கான இரண்டாண்டு உடற்கல்விப் படிப்பு அது. பிளஸ் டூவுக்குப் பின் சேர்வது மூன்றாண்டு பி.பி.இ.எஸ். இதைப் பள்ளிகளில் போய்ச் சொல்ல ஒரு சிறு குழு வேண்டும், பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்