முடிந்துவிட்டதா என்று கேட்டாயே

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். அன்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கொரோனா இன்னும் முடியலையா? எல்லாரும் மறந்தாச்சு, நீ ஏண்டா இன்னும் மாஸ்க் வாங்கி வச்சிருக்கே?" என்றாய். அதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது.

காகிதத்தில் எப்போதோ முடிந்துவிட்டது. 2020 ஜனவரி 30-இல் அறிவித்த சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் விலக்கிக்கொண்டது. கொரோனா ஆபத்தே நீங்கிவிட்டதாக அர்த்தமில்லை என்று அதன் தலைவர் டெட்ரோஸ் அன்றைக்கே சொன்னார். 1918-இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சல் கிருமியின் வாரிசுகளே இன்னும் மனிதரிடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நான் வந்த புதிதில் எங்கள் லிஃப்ட் தரையில் மூலைக்கு ஒரு ஜோடியாகப் பாதப் படம் ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் நின்று ஆளுக்கொரு சுவரைப் பார்ப்போம். ஆறு மாதம் எதிர்வீட்டில் இருந்தவரை மாஸ்க் இல்லாமல் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பழக ஒரு ஆள் கிடைக்காதா என்று ஏங்கிய நாட்கள் அவை. இப்போது மூன்று ஜோடி தேய்ந்தே போய்விட்டன. ஒன்றில் குதிகால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மிதித்துக்கொண்டு எட்டுப் பேர் ஏறுகிறோம். அந்த நேரத்தில் எனக்கும் முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

ஆனால் ஆபீசில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் போட்டாக வேண்டும். அதனால் தடுப்பூசியும் அவருக்கு நம் அளவுக்குப் பலன் தராது. இன்றும் மாஸ்க்கோடுதான் வருகிறார்; மதியம் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். "உங்களுக்கெல்லாம் இது எந்தத் தேதியில் முடிந்தது?" என்று ஒருநாள் கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மே 5 என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொண்டை கரகரத்தால் மாஸ்க் போடுகிறேன். காய்ச்சலடித்தால் வீட்டைவிட்டு நகர்வதில்லை. மற்ற நாட்களில் எல்லாரையும் போலத்தான் இருக்கிறேன். பயந்துபோய்க் கிடக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே.

டிசம்பரில் வருகிறேன். புறப்படும் அன்று காலையில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன். உனக்கு 71 வயது, சர்க்கரை வேறு. தொற்றைக் காட்டும் இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தாலும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிடுவேன். அப்போது கோபித்துக்கொள்ளாதே அம்மா.

உன் மகன்