கேட்டரிங் மாணவர்களுக்கு ஒயின் பாடத்தைச் செய்முறையாகக் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டிப் பக்கத்தில் கேட்டரிங் படிப்பைப் பற்றிய கட்டுரை படித்தேன். சமையல், பேக்கரி, ஹவுஸ்கீப்பிங் எல்லாம் விரிவாக வந்திருந்தன. ஒயின் பாடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பயணிகள் கப்பல்களிலும், பிறகு சென்னையில் நட்சத்திர ஹோட்டலிலும் உணவகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலுக்கும் வெளிநாட்டு ஹோட்டலுக்கும் போக ஆசைப்படும் நம் பிள்ளைகள், நான் பார்த்தவரை, இன்டர்வியூவில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சமீபத்தில் ஒரு கல்லூரியில் மாதிரி நேர்காணல் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். இறுதியாண்டு மாணவன் ஒருவன், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பையன். ரெட் ஒயின் திராட்சை ரகங்களைச் சொல்லு தம்பி என்றேன். கேபர்னே சாவின்யோன், மெர்லோ, பினோ நுவார், சிரா, மால்பெக் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். எந்த ரகம் எந்த ஊர் என்பதும் சரியாக வந்தது. சரி, விருந்தாளி மட்டன் சுக்கா சொல்லியிருக்கிறார், கூடவே ரெட் ஒயின் கேட்கிறார், எதைக் கொண்டுபோவாய் என்றேன். "கேபர்னே சார். ரெட் மீட்டுக்கு ரெட் ஒயின்" என்றான். ஏன் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். லேபிள் படங்கள் ஒட்டிய ரெக்கார்டு நோட்டைத் தவிர அவனுக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

கேபர்னேவில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம், ஆல்கஹாலும் 13, 14 சதவீதம் வரை இருக்கும். மிளகாய்க் காரம் ஏறிய வாயில் அந்த ஆல்கஹால் எரிச்சலை இன்னும் கூட்டும், துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். அந்த மேசைக்குப் பழவாசனை தூக்கலாகவும் டானின் குறைவாகவும் உள்ள லேசான ஒயின்தான் பொருந்தும். பினோ நுவார் கொடுக்கலாம், பிரான்சின் போஜொலே பகுதியில் விளையும் கமே கொடுக்கலாம், இரண்டையும் கொஞ்சம் குளிரவைத்து.

இதெல்லாம் குடித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது கூடாது. மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்குக் கீழேதான். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. மதுவால் நொந்துபோன குடும்பங்கள் நிறைந்த ஊர் இது, பெற்றோர் முகம் சுளிப்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் ஒரு சொட்டு மது இல்லாமலே நடத்தலாம்.

கோயம்பேட்டில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி வாருங்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த ரகம் அது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கொத்து கொடுங்கள். முதலில் பழத்தைப் பிதுக்கிச் சதையை மட்டும் சாப்பிடச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் இருக்கும், சாறு வெளிறி இருக்கும். அடுத்து தோலை மட்டும் நிதானமாக மெல்லட்டும். விரலில் கருஞ்சிவப்புச் சாயம் ஒட்டும், நாக்கில் லேசாகத் துவர்க்கும். கடைசியாக விதையைக் கடிக்கட்டும். கன்னத்தின் உட்புறமும் ஈறும் வறண்டு இழுத்துக்கொள்ளும். டானின் என்பது இதுதான். ரெட் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் வருவது சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைப்பதால். தோலை உடனே பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையான பினோ நுவாரிலிருந்து வெள்ளை ஷாம்பெயினே வந்துவிடுகிறது. பினோவின் தோல் மெல்லியது, அதனால் ஒயின் மென்மையாக வரும். கேபர்னே பழம் சிறியது, தோல் தடிமன், அதனால் அழுத்தமான ஒயின். வாயில் ஒரு தடவை பட்டுவிட்டால் இதைப் பையன்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு டீத்தூள் போதும். ஒரு டம்ளரில் 2 நிமிடம், இன்னொன்றில் 10 நிமிடம் வெந்நீரில் ஊறட்டும். தோல் எவ்வளவு நாள் சாற்றில் கிடக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று அப்போது புரியும். கடுந்துவர்ப்பான டம்ளரில் பால் ஊற்றினால் துவர்ப்பு தணியும், பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால். காரமில்லாமல் வாட்டிய இறைச்சிக்கும் சீஸுக்கும் கேபர்னே ஒத்துப்போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். அந்தப் பையன் படித்த விதி எங்கிருந்து வந்தது, மட்டன் சுக்காவுக்கு ஏன் பொருந்தாது என்று அவனே சொல்லிவிடுவான்.

வாசனையில் நம் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவர்கள் கிடையாது. சிரா ஒயினில் மிளகு வாசனை வருகிறது என்று பாடத்தில் இருக்கிறது. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் மிளகில் இருப்பதும் அதேதான். ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் வனிலா, கிராம்பு வாசனை வரும். கண்ணைக் கட்டிவிட்டு இவற்றை முகர வைத்தால் மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இத்தாலியின் நெப்பியோலோ பார்க்க வெளிறியிருக்கும், வாயில் வைத்தால் டானின் அள்ளிப் பிடிக்கும்.

ஹோட்டல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் கொடு என்பது குளிர்நாட்டு அறையை வைத்துச் சொன்னது, சுமார் 16 முதல் 18 டிகிரி. சென்னையில் மே மாதம் அலங்கார விளக்குக்குக் கீழே நிற்கும் பாட்டிலைத் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும். பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க என்ன செலவு?

21 வயது நிறைந்தவர்களுக்கு, பெற்றோர் ஒப்புதலோடு, ஆசிரியர் முன்னிலையில் சுவைப் பயிற்சி தரலாம். தொழில்முறையில் சுவைப்பவர்கள் வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள், விழுங்குவதில்லை. கல்விச் சுற்றுலா என்று ஹோட்டல் லாபிகளைச் சுற்றிக் காட்டுவதற்குப் பதில் பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியின் ஒயின் ஆலைகளுக்குக் கூட்டிப் போகலாம், ஓர் இரவுப் பயணம்தான். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக் காலம். திராட்சை நசுங்கி, தோலோடு தொட்டியில் நுரைப்பதை நேரில் பார்க்கலாம். பாடத்திட்டக் குழுவினர் அடுத்த முறை கூடும்போது லேபிள் ஒட்டும் ரெக்கார்டு நோட்டுக்குத் தரும் மதிப்பெண்ணை இந்தச் செய்முறைகளுக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவக மேற்பார்வையாளர்,
பெரம்பூர், சென்னை.