வேலையை விட்டபின் விதியை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். 1998 ஜூலையில் சேர்ந்தேன். இந்த வருடம் 52 முடிகிறது. முட்டி தேய்ந்துவிட்டதால் ராத்திரி ஷிப்டில் ஏணி ஏற முடிவதில்லை. வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் பிஎஃப் பணத்தில் ஓட்டி, 58-ல் பிஎஃப் அலுவலகம் தருகிற பென்ஷனை வாங்குவது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பென்சிலில்தான். பேனாவில் எழுதினால் அடிக்க வேண்டியிருக்கிறது.

நான் சேர்ந்தபோது 58-க்கு முன்னால் பென்ஷன் கேட்டால் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 3 சதவீதம் பிடிப்பார்கள். 2008 செப்டம்பரில் அது 4 ஆனது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கும் வசதியையும் அதே கையோடு எடுத்துவிட்டார்கள். 2014 செப்டம்பரில், பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பை 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கினார்கள். அது எனக்கு லாபம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய 16 வருடத்துக்கு இன்றைக்கும் 6,500 தான் கணக்கு. பென்ஷனுக்குக் கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பார்த்தது மாறி, 60 மாதச் சராசரியானதும் அப்போதுதான். எங்கள் ஆலையில் அடிப்படைச் சம்பளம் 15,000-ஐ எட்டாத சைடர் பெண்களுக்கு, அதாவது நூற்பு இயந்திரம் பார்க்கிறவர்களுக்கு, அதில் நஷ்டம். கடைசி வருடத்தில் கூடிய சம்பளம் நாலு வருடப் பழைய சம்பளத்தில் கரைந்துபோகிறது.

என் கணக்கில் 58-ல் மாதம் 4,300 ரூபாய் வாக்கில் வரும். இப்போதே கேட்டால் ஆறு வருடத்துக்கு 24 சதவீதம் போய் 3,270 வாக்கில் நிற்கும். 58 ஆனதும் ஏறுமா என்றால் ஏறாது, ஆயுசுக்கும் அவ்வளவுதான். அரசு ஊழியர்களைப் போல இதற்கு அகவிலைப்படியும் கிடையாது. இது தெரியாமல் 50 ஆனதும் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, 58 வரை பொறுப்போம் என்றால் நடுவில் சோறு போடுவது பிஎஃப் தொகை. வேலை போய் இரண்டு மாதத்தில் முழுவதையும் எடுக்கலாம் என்றிருந்தது. 2025 அக்டோபரில் பிஎஃப் நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு அதை மாற்ற முடிவெடுத்தது. 75 சதவீதம் உடனே, மீதி 25 சதவீதம் 12 மாதம் கழித்து. டிவியில் இதை நல்ல செய்தியாகத்தான் வாசித்தார்கள். நடுவில் கைச்செலவுக்கு எடுப்பவருக்கு நல்லதாகவே இருக்கலாம். பையன் படிப்புக் கடனை அந்தப் பணத்தில் அடைத்துவிட்டு வேலையை விடலாம் என்றிருந்த எனக்கு ஒரு வருடம் வட்டி கூடுகிறது.

விதியே மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயுள் கூடுகிறது, நிதி தாங்க வேண்டும், அதெல்லாம் புரிகிறது. ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவன் நாளைக்கு விதி மாறிவிட்டது என்று திரும்பிப் போய்ப் பஞ்ச் அடிக்க முடியுமா? 52 வயது எலக்ட்ரீஷியனை எந்த மில்லில் எடுப்பார்கள்? முப்பது வயதுக்காரருக்கு விதி மாறினால் அவர் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 50 வயதைத் தாண்டி வேலையை விடுகிறவருக்கு, விடுகிற தேதியில் என்ன விதி இருந்ததோ அதுவே 58 வரை பொருந்தும் என்று எழுத்தில் கொடுங்கள். பிடித்தம் 4 சதவீதம் என்றால் 4. வயது 58 என்றால் 58. நடுவில் 60 என்று ஆக்கினால் இரண்டு வருடச் செலவுக்கு நான் யாரிடம் போய் நிற்பது?

நூற்பாலைத் தொழிலாளி,
கோவை மாவட்டம்